புகையில் இறைச்சி வேகவைக்க மரக்கரி: பார்த்து வாங்குவதும் பக்குவமாக எரிப்பதும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பார்பிக்யூ என்ற சொல்லுக்கு நாம் இங்கே வழங்கும் பொருள் இல்லை. மூடிய கலத்துக்குள், 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான வெப்பத்தில், மரப்புகை சூழ, இறைச்சியைப் பல மணி நேரம் வேகவிடுவதையே அங்குள்ளவர்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள்; கங்குக்கு நேர்மேலே கம்பிவலையில் வைத்து விரைவாக வாட்டி எடுப்பதற்கு அவர்களிடம் கிரில் என்ற வேறு பெயர் இருக்கிறது. அமெரிக்கச் செய்முறைகளில் 225 முதல் 275 வரை என்று ஃபாரன்ஹீட்டில் குறிப்பிடுவது இந்த வெப்பத்தைத்தான். வாட்டுவதற்கு ஓரளவு எரிகிற எந்தக் கரியும் போதும். ஆனால் ஐந்தாறு மணி நேரம் ஒரே சீராக, இறைச்சியில் கசப்பு ஏறாமல் எரிய வேண்டுமென்றால் கரியைத் தேர்ந்தெடுப்பதிலும் அடுக்குவதிலும் காற்று விடுவதிலும் கவனம் வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் புகைமணத்தைக் கரியிடமே எதிர்பார்க்கிறார்கள். கரி என்பது, விறகைக் காற்றுப்படாமல் சூடாக்கி, அதிலுள்ள நீரையும் தாரையும் ஆவியாகும் பிற பொருள்களையும் வெளியேற்றிய பின் எஞ்சும் பொருள். நன்கு வெந்த கரியின் எடையில் நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ கரிமம்தான். புகைத்த உணவுக்கே உரிய சுவையையும் மணத்தையும் தருகிற குவையகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் மரத்திலுள்ள லிக்னின் சிதையும்போது பிறப்பவை. அவற்றில் பெரும்பகுதி கரிமூட்டத்திலேயே புகையாகப் போய்விடுகிறது. ஆகவே நல்ல கரி புகையக்கூடாது. வெப்பத்தைக் கரியிடமிருந்தும், மணத்தை அதனிடையே வைக்கும் சில விறகுத் துண்டுகளிடமிருந்தும் பெறுகிறோம். இரண்டையும் எந்த அளவுக்கு எரியவிடுவது என்பதைக் காற்றுத் துளைகளைக் கொண்டு தீர்மானிக்கிறோம். இந்த மூன்றையும் தனித்தனியே மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் எல்லாமே எளிதில் புரியும்.

கட்டிக்கரியா, அச்சுக்கரியா

மரத்தின் வடிவம் மாறாமல், கட்டையாகவும் கிளையாகவும் வெந்து வருவது கட்டிக்கரி. கரித்தூளை மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்தி எடுப்பது பிரிக்கெட் எனப்படும் அச்சுக்கரி. இந்த இரண்டாவது வகை அமெரிக்க வீடுகளுக்குப் பரவியதில் ஹென்றி ஃபோர்டுக்குப் பெரும் பங்குண்டு. 1920களில் மிச்சிகன் மாநிலத்தில், தம் கார்களுக்கு மரம் அறுத்த கழிவிலிருந்து அவர் அச்சுக்கரி செய்யத் தொடங்கினார். பின்னாளில் கிங்ஸ்ஃபோர்டு என்று பெயர்பெற்ற கரி அதுதான்.

அச்சுக்கரி எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் சீராக எரியும். எத்தனை துண்டு எத்தனை மணி நேரம் வரும் என்று கணக்குப் போட முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, உருண்டைக் கெண்டி வடிவ அடுப்பில் முதன்முதலாகப் புகைச் சமையல் செய்கிறவருக்கு அது எளிது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதில் சாம்பல் மிகுதி. கமாடோ போன்ற தடித்த பீங்கான் அடுப்புகளில் அந்தச் சாம்பல் கீழ்த்தட்டின் துளைகளை அடைத்து, சமையல் பாதியில் இருக்கும்போது தீயை அமர்த்திவிடும். கட்டிக்கரியில் சாம்பல் குறைவு. காற்றைக் கூட்டினால் உடனே சூடேறும், குறைத்தால் உடனே அடங்கும். துளைகளை மூடி அணைத்துவிட்டால் மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு விலையாக, துண்டுக்குத் துண்டு மாறுபடும் அதன் அளவையும் தரத்தையும் நாம் சமாளிக்க வேண்டியிருக்கிறது. தீப்பெட்டி உரசினாலே பற்றிக்கொள்ளும்படி எரிநெய் ஊற வைத்து விற்கும் அச்சுக்கரியை மட்டும் புகைச் சமையலுக்கு எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். எரியாத கரியின்மேல் நெருப்பு மெல்ல மெல்லப் பரவும் முறையில், அந்த எண்ணெய் வாடை கடைசி வரையில் வந்துகொண்டே இருக்கும்.

நம் ஊரில் கிடைக்கும் கரி

தமிழ்நாட்டில் மூட்டைகளில் கிடைக்கும் மரக்கரியில் பெரும்பகுதி சீமைக் கருவேலத்திலிருந்து வருவது. வேலிக்காத்தான் என்றும் அழைக்கப்படும் இந்த மரத்தை வெட்டி, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் மூட்டம் போடுகிறார்கள்: கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, மண்ணால் மூடித் தீ வைத்து, காற்று போக சிறு துளைகள் மட்டும் விட்டு நாட்கணக்கில் வேகவிடுவார்கள். நிலத்தடி நீரும் மேய்ச்சல் நிலமும் பட்ட பாட்டால் இந்த மரத்தின் மீது நம்மவர்களுக்கு உள்ள கோபம் தனிக்கதை. ஆனால் புகைச் சமையல்காரருக்கு அது ஒரு நல்வாய்ப்பு. டெக்சஸ்காரர்கள் பெருமையோடு பேசும் மெஸ்கீட் மரமும், ஹவாய்த் தீவினர் கோழி சுடப் பயன்படுத்தும் கியாவே மரமும் நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவுகள். மூன்றும் ஒரே பேரினமாக வகைப்படுத்தப்பட்டு வந்தவை. எனவே வெளிநாட்டு மெஸ்கீட் கரியை வரவழைக்கக் காசு செலவிடும் அன்பர்கள், அதே குடும்பத்துக் கரி பக்கத்துக் கடையில் சாக்கில் கிடப்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சீமைக் கருவேலக் கரி கனமானது, நெடுநேரம் எரிவது, கடும் வெப்பம் தருவது. அதன் குறை, பற்றவைக்கும்போது பொரிந்து தீப்பொறி தெறிப்பது. பட்டை ஒட்டிய துண்டுகளிலும் ஈரம் கோத்த துண்டுகளிலும் இது மிகுதி. பொறி பறக்கும் வேளையில் பருத்திச் சட்டையும், காலை மூடும் செருப்பும், சற்றுத் தள்ளி நிற்கும் பொறுமையும் போதும். கங்கு நன்கு பிடித்தபின் பொரிவது அடங்கிவிடும். கிளைகளைவிடத் தூர்க்கட்டையிலிருந்து வரும் கரி நெருக்கமாகவும் கனமாகவும் இருக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

சவுக்குக் கரியும் சிறந்ததே, பொறியும் குறைவு. ஆனால் சில்லறையில் எளிதில் அகப்படுவதில்லை. கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அது அருமையானது. ஓடு மெல்லியதாகையால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து காற்றை மறைக்கும், அல்லது மொத்தமாகப் பற்றிக்கொண்டு விரைவில் தீர்ந்துபோகும். நீண்ட சமையலுக்கு அதைத் தனியாக நம்பாமல், தீ மூட்டும் முதல் கங்குக்கு மட்டும் நான் பயன்படுத்துகிறேன். அதே ஓட்டுக்கரியைத் தூளாக்கி அச்சில் அழுத்திய கட்டிகள் வேறு சங்கதி; அவை வாடையின்றி நெடுநேரம் எரியும், ஆனால் அவை அச்சுக்கரிக் கணக்கில் சேரும்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் முறை

கரி வாங்கப் போகும்போது சாக்கின் வாயில் இருப்பதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. பெரிய துண்டுகள் மேலே தங்கி, பொடியும் தூளும் அடிக்கு இறங்கிவிடும். கடைக்காரர் ஒத்துக்கொண்டால் சாக்கைச் சாய்த்து அடிப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விரற்கடை அளவிலும் அதற்குக் குறைவாகவும் நொறுங்கியிருந்தால், அந்தச் சாக்கு வாட்டுவதற்கு ஆகும், புகைப்பதற்கு ஆகாது.

அடுத்து ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டிப் பாருங்கள். நன்கு வெந்த கரி ஓட்டுச் சில்லைத் தட்டியதுபோலக் கணீரென்று ஒலிக்கும். ஈரமானதும் அரைவேக்காடானதும் மொத்தென்று சத்தமிடும். உடைத்தால் உடைந்த முகம் கருமையாகப் பளபளக்க வேண்டும், மரத்தின் ஆண்டு வளையங்கள் அதில் தெரிய வேண்டும். உள்ளே பழுப்பு நிறம் தென்பட்டால் அது இன்னும் விறகுதான். அப்படிப்பட்ட துண்டு எரியும்போது அடர்ந்த வெண்புகை கிளம்பிக் கண்ணைக் கரிக்கும், இறைச்சியையும் கசக்க வைக்கும். சாக்குக்கு இரண்டொரு துண்டு இப்படி இருப்பது இயல்பு, அவற்றைப் பொறுக்கி வெளியே போட்டுவிடலாம். பத்தில் ஒன்று அப்படியானால் மூட்டத்தைக் காலத்துக்கு முன்பே பிரித்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஈரம் இன்னொரு தொல்லை. கரி காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். மூட்டம் பிரிக்கும்போது தண்ணீர் தெளித்து அணைப்பதும் உண்டு. எடைக்கு விற்கும் பொருளில் ஈரம் யாருக்கு லாபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு மழைக்காலத்தில் 10 கிலோ என்று நிறுத்துக் கொடுத்த சாக்கை, வீட்டுக்கு வந்ததும் கை பட்டபோது சில்லென்று இருந்ததால், இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் பரப்பி மறுபடி நிறுத்துப் பார்த்தேன். 8 கிலோ 700 கிராம் இருந்தது. அன்றிலிருந்து கோடையிலேயே ஓராண்டுக்கான கரியை வாங்கி, மூடியிட்ட தகர டிரம்மில் போட்டு வைத்துவிடுகிறேன். மூட்டத்திலிருந்து நேரடியாக, சூடு ஆறிய ஒன்றிரண்டு நாளில் வாங்குகிறவர்கள் அதை உடனே கொட்டகைக்குள் அடைக்க வேண்டாம். புதுக்கரி காற்றை இழுக்கும்போது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும்; சில நாள் திறந்தவெளியில் காற்றாட விடுவதே பாதுகாப்பு.

மண்மூட்டத்துக் கரியில் கல்லும் மண்ணும் இருப்பது புதிதன்று. கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணில் படுவதை எடுத்துவிடுங்கள். நேர்க்கோணமாக அறுக்கப்பட்ட துண்டுகளும், ஆணித்துளைகளும், ஒட்டுப்பலகையின் அடுக்குகளும் தென்பட்டால் அந்தச் சாக்கையே விட்டுவிடுங்கள். அது தச்சுக் கழிவிலிருந்து வந்த கரி. அந்த மரத்தில் என்ன பசையும் வண்ணமும் இருந்தன என்று யாரும் அறியார்.

முழுச்சாக்கு வாங்குமுன் ஒரு கிலோ வாங்கி வீட்டில் எரித்துப் பார்ப்பது நல்லது. சமையலறைத் தராசில் 100 கிராம் நிறுத்து, இரும்புத் தட்டில் முழுதும் எரியவிட்டு, ஆறியபின் சாம்பலை நிறுங்கள். இரண்டு மூன்று கிராம் என்றால் தரமான கரி. ஐந்தைத் தாண்டினால் மண் கலந்திருக்கிறது, அல்லது பட்டையும் சுள்ளியும் மிகுதி. எரியும்போது எழும் வாடையையும் கவனியுங்கள். முதல் சில நிமிடங்களுக்குப் பின் ஏறக்குறைய எந்த வாடையும் வரக்கூடாது.

பிரித்து அடுக்குதல்

கடையிலிருந்து வந்த கரியைச் சாக்கோடு அடுப்பில் கவிழ்ப்பவர்களுக்குத்தான், வெப்பம் ஏறுவதும் இறங்குவதுமாக இரவெல்லாம் விழித்திருக்க நேர்கிறது. ஒரு பழைய சாக்கை விரித்துக் கொட்டி, கைப்பிடி அளவுக்கு மேற்பட்டவை, முட்டை அளவினவை, அதனினும் சிறியவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தூளைச் சலித்து நீக்கிவிடுங்கள். தேங்காயளவு பெருங்கட்டைகள் இருந்தால் இரண்டாக உடைப்பது நன்று. பெருந்துண்டுகள் அடியில், துளைகளை மூடாதவாறு இடைவெளி விட்டு; அதன்மேல் நடுத்தரம்; இடுக்குகளில் மட்டும் சிறியவை. தூள் அடியில் தங்கினால் காற்று மேலேற வழியிராது. எல்லாமே பெருந்துண்டுகளானால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நெருப்புத் தாவாமல் இடையிலேயே அணையும்.

இனி நான் சொல்வது, 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியிட்ட கெண்டி அடுப்பை வைத்து. சிகாகோவை ஒட்டிய ஓர் உலோகப் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952இல் கடல் மிதவையின் இரு பாதிகளைக் கொண்டு இந்த வடிவத்தை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பரவலாகக் கிடைப்பது அதுதான். பீங்கான் அடுப்பிலும், துளையிட்ட எண்ணெய்ப் பீப்பாயிலும் அளவுகள் மாறும், முறை மாறாது.

அடுப்பின் ஒரு பாதியில் மட்டும், செங்கல் ஒன்றிரண்டைத் தடுப்பாக நிறுத்தி, கரியைக் குவியுங்கள். மறுபாதியில் கம்பிவலைக்குக் கீழே ஒரு தட்டில் தண்ணீர் இருக்கட்டும். அது சொட்டும் கொழுப்பை வாங்கிக்கொள்ளும். வெப்பம் திடீரென ஏறாமலும் பார்த்துக்கொள்ளும். என் அடுப்பில் 120 டிகிரியில் மணிக்கு 300 முதல் 400 கிராம் வரை கரி செலவாகிறது; எனவே ஐந்து மணி நேரச் சமையலுக்கு 2 கிலோ போட்டுத் தொடங்குகிறேன். காற்று வீசும் நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். பீங்கான் அடுப்பு சூட்டை வெளியே விடாததால் இதைவிடக் குறைவாகவே தின்னும்.

பற்றவைத்தல்

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஆபத்து ஒருபுறம் இருக்க, அந்த வாடையைக் கரி தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். கற்பூரம் போட்டுப் பற்றவைப்பதும் நம்மிடையே உண்டு. அது முழுக்க எரிந்து தீர்ந்தால் தீங்கில்லை, ஆனால் எரியாத மிச்சம் இறைச்சியில் கோயில் மணத்தை ஏற்றிவிடும். உலர்ந்த தேங்காய் நாரும் சமையலெண்ணெய் தடவிய செய்தித்தாளும் இந்த வேலைக்குப் போதும்.

சிம்னி எனப்படும் உருளை இருந்தால் எல்லாம் எளிது: அடியில் நார், மேலே பத்துப் பதினைந்து நடுத்தரத் துண்டுகள், பதினைந்து நிமிடம். இல்லாதவர்கள் பால்மாவு டப்பாவின் அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, அதன் வண்ணப்பூச்சு எரிந்து தீரும்படி ஒருமுறை வெறுந்தீயில் காய்ச்சிவிட்டுப் பயன்படுத்தலாம்; துத்தநாகப் பூச்சுள்ள வாளியை மட்டும் எடுக்க வேண்டாம், அது சூடேறினால் கிளம்பும் புகை உடலுக்குக் கேடு. துண்டுகளின் மேல் வெண்சாம்பல் படிந்து, நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்லும் அதே நிலைக்கு வந்ததும், இந்தக் கங்குகளை எரியாத கரிக் குவியலின் நடுவில் குழி பறித்துக் கொட்டுங்கள். குவியல் முழுவதையும் முன்பே பற்றவைத்துவிட்டால் வெப்பத்தை அடக்கவே முடியாது. சிறிதளவு கங்கை எரியாத கரியின்மேல் வைத்து நெருப்பைத் தானே ஊர்ந்து போகவிடும் இதற்கு, அமெரிக்கப் போட்டிச் சமையலாளர்கள் மினியன் முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு: புதுக்கரி சமையலின் நடுவிலும் பற்றிக்கொண்டேயிருக்கும். அரைவேக்காட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கச் சொன்னதும், ஈரமில்லாமல் வைக்கச் சொன்னதும் இதனால்தான். தரமான கரியானால் பிற்பாடு பற்றுவது கண்ணுக்கே தெரியாது.

காற்றும் புகையும்

கீழ்த்துளை காற்றை உள்ளே விடுகிறது, மேல்துளை புகையை வெளியே இழுக்கிறது. வெப்பத்தைக் கீழ்த்துளையால் ஆளுங்கள். மேல்துளையைப் பாதிக்குக் கீழே மூடாதீர்கள். புகை வெளியேற வழியின்றித் தேங்கினால் அதன் கரிப்பும் தாரும் இறைச்சியின்மேல் படியும். தொடக்கத்தில் இரண்டையும் முழுதாகத் திறந்து, வெப்பமானி 95 டிகிரியைத் தொட்டதும் கீழ்த்துளையைப் பாதியாக்கி, 110இல் கால்பங்காக்குங்கள். ஏறிய வெப்பத்தை இறக்குவதைவிட, இறங்கியதை ஏற்றுவது எளிது. பீங்கான் அடுப்பில் இது இரட்டிப்பு உண்மை. அதன் சுவர் சூடேறிவிட்டால் மணிக்கணக்கில் ஆறாது. ஒரு துளையை நகர்த்தியபின் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துளையைத் திருகுகிறவர் தன் திருகலையே துரத்திக்கொண்டிருப்பார்.

மூடியில் பதித்து வரும் வெப்பமானியை அதிகம் நம்ப வேண்டாம். அது கம்பிவலைக்கு வெகு மேலே இருக்கிறது. இறைச்சியின் பக்கத்தில், வலை மட்டத்தில் ஒரு வெப்பமானியும், இறைச்சிக்குள் குத்திவைக்க இன்னொன்றும் வாங்குவது, விலையுயர்ந்த அடுப்பு வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு என்பது என் கருத்து. மூடியைத் திறந்தால் சூடு குறையும் என்று பலர் எண்ணுவர். அந்த நொடியில் குறையும். உள்ளே புகுந்த காற்றில் கரி பெருகி எரிந்து, மூடிய சற்று நேரத்தில் முன்பைவிட ஏறிவிடும். பீங்கான் அடுப்பில் துளைகளை ஒடுக்கியிருக்கும் வேளையில் மூடியைச் சட்டென்று தூக்கினால் தீ முகத்துக்கு நேரே பொங்கும். முதலில் இரு விரற்கடை உயர்த்தி, சில நொடி மூச்சுவிட வைத்து, பிறகே முழுதும் திறக்க வேண்டும்.

விறகுத் துண்டுகளுக்கு வருவோம். கைப்பிடி அளவில், குறைந்தது ஆறு மாதம் உலர்ந்த மூன்று நான்கு துண்டுகள் போதும். அவற்றைக் கரியினிடையே தள்ளித் தள்ளிப் புதைத்து வைத்தால் நெருப்பு ஒவ்வொன்றாக எட்டும். விறகைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் செய்முறைகள் ஏராளம். நீர் மரத்தின் மேற்பரப்பைத் தாண்டிப் போவதில்லை. அது ஆவியாகித் தீரும்வரை புகை வராது, நெருப்பும் குளிர்ந்து அழுக்குப் புகை எழும். கொய்யா மரம் நமக்கு எளிதில் கிடைப்பதில் சிறந்தது. மிதமான இனிய மணம் தரும். சீமைக் கருவேல விறகின் புகை காரமானது. ஆட்டிறைச்சிக்கு ஒரு துண்டு போதும், இரண்டாவது துண்டு கசப்பில் முடியும். முந்திரி மரம் வேண்டாம்; அதன் பாலும் புகையும் எரிச்சலூட்டும். அரளி நச்சு மரம், அதன் குச்சி ஒன்றுகூட அடுப்பின் பக்கம் வரக்கூடாது. வேம்பும், வண்ணம் பூசிய பழைய சாளரச் சட்டங்களும், பிசின் ஒழுகும் கட்டைகளும் ஒதுக்கத் தக்கவை.

கரியும் விறகும் பற்றிய முதல் அரைமணி நேரம் வெள்ளைப் புகை திரண்டு வரும். அப்போது இறைச்சியை வைக்காதீர்கள். புகை மெலிந்து, வெயிலில் பார்த்தால் இளநீலமாக, சற்றுத் தள்ளிப் பார்த்தால் இல்லாததுபோலத் தோன்றும்போதுதான் வலையின்மேல் வைக்க வேண்டும். மாசிக் கருவாட்டை முகர்ந்து பழகியவர்களுக்கு இந்த மணம் புதிதாயிராது; மாலத்தீவில் சூரை மீனை அவித்துப் புகையிலிட்டு உலர்த்துவதால் வரும் மணம் அது. இறைச்சி குளிர்ச்சியாகவும் மேற்பரப்பு ஈரமாகவும் இருக்கும்போது புகை நன்கு படியும். ஆகையால் மணம் ஏறுவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே. அதற்குப் பிறகும் விறகு சேர்த்துக்கொண்டே போவது கசப்பை மட்டும் கூட்டும்.

ஒரு நாள் சமையல்

முதல் முயற்சிக்குத் தொடையும் காலும் சேர்ந்த கோழித் துண்டுகள் ஏற்றவை. உப்பும் மிளகுத்தூளும் மட்டும் தடவி, 130 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரியை எட்டினால் பாதுகாப்பாக உண்ணலாம். தொடைக்கறி 80ஐத் தாண்டும்போதுதான் இன்னும் மிருதுவாகும். இவ்வளவு மிதமான சூட்டில் தோல் மொறுமொறுப்பாகாது. அதை விரும்புகிறவர்கள் கடைசியில் கங்கின் நேர்மேலே இரண்டு நிமிடம் புரட்டி எடுக்கலாம்.

கை பழகியபின் ஆட்டின் முன்சப்பைக்கு வரலாம். எலும்போடு ஒன்றரைக் கிலோ எடையுள்ளதை, இறைச்சிக் கடைக்காரரிடம் வெட்டாமல் முழுதாகக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் ஒருமுறைக்கு இருமுறை நம்மை நிமிர்ந்து பார்ப்பார். முந்தைய இரவே உப்பிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, 120 டிகிரியில் ஏற்றுங்கள். முதலில் உள்வெப்பம் மளமளவென்று ஏறி, 65 முதல் 75க்குள் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும். இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர், வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதுபோல அதைக் குளிர்விப்பதே காரணம். கரி தீர்ந்துவிட்டதோ என்று அஞ்சிக் காற்றைத் திறந்துவிடுவது இந்தக் கட்டத்தில் எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்து, ஒரு சப்பையைக் கருக்கியிருக்கிறேன். அடுப்பின் வெப்பம் 120இல் நிற்கிறதென்றால் கரியில் கோளாறில்லை. நிறம் நன்கு ஏறியிருந்தால், வாழையிலையில் சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள் போர்த்தி மீண்டும் வைக்கலாம். ஆவியாவது நின்று வெப்பம் ஏறத் தொடங்கும். நம் ஆடுகளில் கொழுப்புக் குறைவாகையால் இப்படிச் சுற்றுவது ஈரத்தையும் காக்கும். 92 டிகிரிக்கு மேல், எலும்பைப் பிடித்துத் திருகினால் கறியிலிருந்து கழன்று வரவேண்டும். எனக்கு இது ஐந்து மணி நேரத்திலும் முடிந்திருக்கிறது, ஆறரை மணி நேரமும் இழுத்திருக்கிறது. எடுத்தபின் அரைமணி நேரமாவது சுற்றியபடியே ஆறவிடுங்கள்.

நடுவில் கரி சேர்க்க நேர்ந்தால், எரியாத கரியை அப்படியே அள்ளிப் போடாமல், தனியே சிம்னியில் கங்காக்கிச் சேர்ப்பது நல்லது. இறைச்சியை ஏற்கனவே சுற்றி வைத்துவிட்டால் இந்த அக்கறை தேவையில்லை.

அணைத்தல்

சமையல் முடிந்ததும் மேல்துளை, கீழ்த்துளை இரண்டையும் முழுதாக அடைத்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பீங்கான் விரிசல்விடும், இரும்பு துருவேறும், கரியும் வீணாகும். காற்றில்லாமல் ஓரிரு மணி நேரத்தில் கங்கு அமர்ந்துவிடும். மறுநாள் வலையைக் குலுக்கிச் சாம்பலை உதிர்த்தால், மிஞ்சிய கட்டைகளை அடுத்த முறை குவியலின் மேற்பகுதியில் பயன்படுத்தலாம். ஒருமுறை எரிந்த கரி பொறியும் விடாது, புகையவும் புகையாது என்பதால் புதுக்கரியைவிட அது உயர்ந்தது.

எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை வந்தாலும் அடுப்பைக் கூடத்துக்குள்ளோ, கதவடைத்த பால்கனிக்குள்ளோ, கார் கொட்டகைக்குள்ளோ நகர்த்தக் கூடாது. அணைந்துவிட்டது என்று தோன்றும் அடுப்பையும் அப்படித்தான் கருத வேண்டும். சாம்பலுக்குள் கங்கு ஒருநாளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். அதைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், மூடியுள்ள தகர டப்பாவில் இரண்டு நாள் வைத்திருந்து, கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். கொழுப்புச் சொட்டாத சாம்பலானால் செடிகளுக்குச் சிறிது தூவலாம். பாத்திரம் விளக்கவும் ஆகும்.